மதகுக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு

கொச்சிக் காயலோரக் கும்பளங்கியில் வயலுக்குப் பூட்டுப் போட்ட முதல் ஆள் ஆவுடையம்மாள்தான். கடைசி ஆளும் அவள்தான் என்று அந்த ஊர்க்காரர்கள் சத்தியம் செய்வார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு, கார்த்திகை மாதம். கேரளம் என்று ஒரு மாநிலம் பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. மட்டாஞ்சேரி பஜாரில் அரிசிக்கடை வைத்திருந்த சங்கரலிங்கம் பிள்ளை, காலையில் கடை திறக்கப் போனவர், கதவில் தொங்கவேண்டிய பூட்டைக் காணாமல் திகைத்து நின்றார். நல்ல கனமான திண்டுக்கல் பூட்டு. முந்தைய நாள் மாலை கடையைப் பூட்டியது அவர் சம்சாரம் ஆவுடையம்மாள். அவள் வெறும் சங்கிலியை மாட்டிவிட்டு, பூட்டை முந்தானையில் முடிந்துகொண்டு போயிருந்தாள். அவர் பூட்டைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் வள்ளம் ஏறி, கும்பளங்கியில் தன் இரண்டு ஏக்கர் வயலின் மதகுப் பலகையில் சங்கிலி சுற்றி அதை மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஆவுடையம்மாள் பெயரில் அந்த வயல் வந்தே ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அம்பாசமுத்திரத்தில் அப்பா வழியாக வந்த கொஞ்சம் நஞ்சையை, பார்க்க ஆளில்லை என்று விற்றார்கள். அந்தப் பணம் கைக்கு வந்ததும் சங்கரலிங்கம், காயலுக்கு அக்கரையில் பிராட்வேயில் இன்னொரு கடை எடுக்கலாம் என்றார். அவள் கேட்கவில்லை. மூட்டை மூட்டையாக அரிசி விற்கிறவனுக்கு வாழ்க்கைப்பட்டு, பத்தொன்பது வருஷமாக ஊரான் விளைவித்த அரிசியைப் பொங்கிக்கொண்டிருந்தவள் அவள். சொந்த வயலில் விளைந்த ஒரு உலை சோறு, அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. மண்ணை விற்ற பணம் மண்ணுக்குத்தான் போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கொச்சிப் பக்கம் அந்தப் பணத்துக்கு இரண்டு ஏக்கர் கிடைக்கிறது என்றதும் ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டிருக்கவேண்டும். சந்தோஷத்தில் இருக்கிறவர்கள் அப்படியெல்லாம் கேட்பதில்லை.

அறுப்பு முடிந்து கார்த்திகை பிறந்ததும்தான் விஷயம் தெரிந்தது. காயலை ஒட்டிய அந்த வயல்களில் நெல் விளைவது மழைக்காலத்து ஐந்து மாதம் மட்டும். மழை நின்றதும் காயலில் உப்பு ஏறும். மதகைத் திறந்து அந்த உப்புத்தண்ணீரை வயலுக்குள் விடுவார்கள். தண்ணீரோடு இறால் குஞ்சு வரும். சித்திரை பிறக்கும்வரை வயல் முழுக்க இறால்தான்.

ஆவுடையம்மாள் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டாள். ஏழு தலைமுறை சைவம். முட்டை விற்கிறவன் தெருவில் போனால் ஜன்னலைச் சாத்துகிறவள். "நெல்லு விளையுத பூமியில உயிரை வளத்துக் கொல்லுததா? அதுவும் எம் பேர்ல இருக்க வயல்ல?" என்றாள். உப்புத்தண்ணீரை வயலில் விடுவதாவது! மண்ணை உழுகிற எந்தச் சம்சாரியாவது கேட்டால் காறித் துப்புவான்.

மதகுக்காரர் ஔசேப்பு தலையைச் சொறிந்தார். அந்தப் பக்கத்து மதகுகளையெல்லாம் ஏற்ற இறக்கம் பார்த்துத் திறந்து மூடுகிறவர் அவர். மட்டாஞ்சேரி கிட்டங்கிகளில் மூட்டை சுமந்த காலத்தில் கற்ற தமிழ் அவரிடம் இருந்தது. "அம்மா, இது இங்கத்தெ வழக்கமாணு. உப்புவெள்ளம் உள்ளே கேறணும். இல்லெங்கில் மண்ணு பிணங்கும், கேட்டோ" என்றார்.

"பிணங்கட்டும். நான் சமாதானம் பண்ணிக்கிடுதேன்" என்று சொல்லிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள் ஆவுடையம்மாள்.

அடுத்து அவள் செய்தது இன்னும் பெரிய கூத்து. தண்ணீர் வடிந்து காய்ந்து வெடிப்பு விட்ட வயலைப் பார்த்ததும் அவளுக்கு அம்பாசமுத்திரம் ஞாபகம் வந்துவிட்டது. கோடை உழவு போட்டால் மண் பொன்னாகும் என்று, மாசி மாதத்தில் ஒரு ஜோடி காளைகளை வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோனாள். காயலில் காளைமாடு பயணம் போவதைக் கரையில் நின்று பார்க்கக் கூட்டம் கூடியது. மேல்மண்தான் காய்ந்திருந்தது. அடியில் சேறு. இரண்டாவது சாலிலேயே ஒரு காளை வயிறுவரை இறங்கி, மேற்கொண்டு எனக்கு விருப்பமில்லை என்பதுபோல் அசையாமல் நின்றது. பன்னிரண்டு பேர் சேர்ந்து அதைத் தூக்கினார்கள். அன்றைக்குக் காளைக்குக் கூலி, வள்ளத்துக்குக் கூலி, காளையைத் தூக்கியவர்களுக்குக் கூலி.

"மாடு ஒருநா உழுததுக்கு மனுசன் பன்னெண்டு பேருக்குக் கூலி குடுத்த குடும்பம் நம்ம குடும்பம்தான்ளா" என்று சங்கரலிங்கம் ஒரு வாரம் சிரித்தார். அவருக்குப் பெண்டாட்டியைக் கேலி செய்வதில் இருந்த சுகம் வியாபாரத்தில்கூடக் கிடையாது.

ஆடி மாதம் அவர் சிரிப்பும் நின்றது.

மழை வேண்டியமட்டும் பெய்தது. அண்டை வயல்களில் பயிர் இடுப்புயரம் வந்து காற்றில் ஆடியது. ஆவுடையம்மாளின் வயலில் பயிர் முழங்காலைத் தாண்டாமல் மஞ்சள் பூத்து நின்றது. வாய்க்காலில் தேங்கிய தண்ணீர் துருப்பிடித்த நிறத்தில் இருந்தது. வரப்பில் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தபோது, நடவுக்கு வந்த பெண்களுக்குத் தலைவியான அம்மிணி பக்கத்தில் வந்து நின்றாள். அம்மிணிக்கும் அவள் வயதுதான் இருக்கும். எட்டு வயதிலிருந்து அந்தச் சேற்றில் நிற்கிறவள்.

"அம்மா, ஒரு விரலு முக்கி நாக்கில வெச்சு நோக்கு" என்றாள் அம்மிணி.

ஆவுடையம்மாள் வாய்க்கால் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பே இல்லை. ஆனால் பல் கூசியது. படிகாரத்தைப் புளியில் கரைத்த மாதிரி ஒரு புளிப்பு. அம்மிணி அவளைக் கையைப் பிடித்து எழுப்பி, வரப்புக்கு அந்தப் பக்கம், இறால் விட்டு எடுத்த வயலின் தண்ணீரைக் காட்டினாள். ஆவுடையம்மாள் அதையும் நாக்கில் வைத்தாள். ஆற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது.

"இது ஆறு மாசம் உப்புல கெடந்த வயலு. உப்பு எங்க?"

"மழை கழுவிக் கொண்டுபோயி" என்றாள் அம்மிணி. "உப்பு போவும் அம்மா. புளிப்பு போவில்லா. இந்த மண்ணு காஞ்சு உணங்கக்கூடாது. உணங்கினா உள்ளிலிருந்து புளிப்பு வரும். அதுக்காணு வெள்ளம் கேற்றி வெக்கிறது. செம்மீன், அதாணு உங்க எறாலு, அறுத்த தாள் தின்னும், சேறு கலக்கும், அதுதான் வளம். நாங்க ஒரு கூடை வளம் வெளியிலிருந்து கொண்டுவர்றதில்ல."

ஆவுடையம்மாளுக்கு உப்புதான் எதிரி. பிறந்த மண்ணில் அதுதான் பாடம். இந்த மண்ணில் உப்புதான் காவல் என்பது ஒரு விரல் தண்ணீரில் தெரிந்தது. ஆனால் ஆடி மாதத்தில் தெரிந்து என்ன செய்ய?

ஐப்பசியில் அறுத்தபோது பாதிக்குமேல் பதர். அன்றைக்கு மாலை வீட்டில் சங்கரலிங்கம் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். வரப்புக்கு மண் அணைத்த கூலி, விதை, நடவு, களை, அறுப்பு, காளை. எல்லாம் போட்டு வந்த நெல்லால் வகுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கடையில நான் விக்குத அரிசி மாதிரி நாலு மடங்கு விலைளா உன் அரிசி. சாமிக்குப் படைக்கலாம். மனுசன் திங்கக் கட்டுப்படியாவாது."

"பக்கத்து வயக்காரனுக்கு எப்படிக் கட்டுப்படியாவுது?"

"அவனுக்கும் நெல்லுல ஒண்ணும் நிக்காது. ஔசேப்புட்ட கேட்டேன். நெல்லுல விழுத பள்ளத்தை எறால்தான் ரொப்புதாம். இப்ப அதை ஐஸ்ல வச்சுக் கப்பல்ல அமெரிக்காவுக்கு அனுப்புதானாம். வருசா வருசம் விலை ஏறுது." அவர் கொஞ்சம் தயங்கினார். "எறால் வாங்கி அனுப்புத ஐஸ்பெட்டிக்காரர் ஒருத்தர் இன்னைக்குக் கடைக்கு வந்தாரு. வயலை விலைக்குக் கேக்காரு. இல்லன்னா, எறால் காலத்துக்குக் குத்தகையாவது குடுங்கன்னாரு. கார்த்திகை ஒண்ணாந்தேதிக்குள்ள சொல்லணுமாம்."

அடுத்த விளைச்சலுக்குப் போட அவர்களிடம் காசு இல்லை. உடைந்த வரப்பைக் கட்டக்கூடக் காசு இல்லை. விற்கவேண்டும், இல்லையென்றால் குத்தகைக்கு விடவேண்டும். மூன்றாவது வழி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

"குத்தகைக்கு விட்டா நாம எறாலைப் பாக்கக்கூட வேண்டாம். பணம் மட்டும் வரும்" என்றார்.

"அது எப்படி? காசை வாங்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டா பாவம் பக்கத்து வீட்டுக்குப் போயிருமாக்கும்?" என்றாள் ஆவுடையம்மாள். பிறகு அடுப்படிக்குப் போய்த் தன் வயலில் விளைந்த முதல் அரிசியை உலையில் போட்டாள். பாதி நொய். சோறு குழைந்தது. இருபது வருஷம் காத்திருந்து பொங்கிய சோற்றை அவள் அழுதுகொண்டே தின்றாள்.

ஐப்பசி கடைசி நாள் வயலுக்குப் போனாள். விற்பதற்கு முன்னால் ஒருதரம் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். அறுத்த கூலியில் பாக்கி நெல்லை வாங்க அம்மிணி வந்திருந்தாள். ஆவுடையம்மாள் அளந்து போட்டாள். சும்மா இருக்க முடியாமல், "என் வயல் இப்படி ஆனதுல உங்க எல்லாருக்கும் சிரிப்புதான, என்ன?" என்று கேட்டும் வைத்தாள்.

அம்மிணி நெல்லை முந்தியில் கட்டிக்கொண்டே சொன்னாள். "காளை சேத்துல தாழ்ந்தப்ப சிரிச்சோம். பின்னெ சிரிக்கில்ல. விஷு கழிஞ்சா எல்லா வயலும் ஊருக்குத் திறந்து விடும். மிச்சம் இருக்கிற மீன், செம்மீன், ஆரு பிடிச்சாலும் அவங்களுக்கு. அதுக்கு முன்னெயும் மதகுத் தூம்பு காவலு, வலை, கூடைன்னு எங்களுக்குப் பணி இருக்கும். கழிஞ்ச வருஷம் இந்த வயலு பூட்டிக் கெடந்து. இதெ நம்பியிருந்த பத்து குடும்பம் ஆறு மாசம் என்ன தின்னதுன்னு அம்மா கேட்டில்லா."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் ஆவுடையம்மாளைச் சுட்டது. வீட்டுக்கு வந்த தபால்காரனைக்கூடச் சாப்பிடாமல் அனுப்பாதவள் அவள். சாப்பாட்டு நேரத்தில் வாசலில் நிற்கும் யாரையும் பட்டினி போடாத பேர் எடுத்தவள். ஒரு பூட்டைப் போட்டுப் பத்து அடுப்பை அணைத்திருக்கிறாள்! உயிர்க்கொலை கூடாது என்று போட்ட பூட்டு அது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் வரப்பு வழியே மதகுவரை நடந்தாள். காயலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மதகுப் பலகைக்கு வெளியே மோதிச் சுழன்று, கதவு தட்டுகிற விருந்தாளியாக அது நின்றது.

"அம்மிணி, இங்க வா" என்று கூப்பிட்டாள். "வரப்பு கட்ட, மண்ணு கூட்ட, விதைக்க, அறுக்க எங்கிட்ட கூலி குடுக்கக் காசு இல்ல. உங்ககிட்ட வயல் இல்ல. மதகைத் திறந்துவிடுதேன். தண்ணியில வாரது முழுக்க உங்க பத்து வீட்டுக்கு. ஒத்தைக் காசு எனக்கு வேண்டாம். பதிலுக்கு நெல்லு வேலை முழுக்க உங்களுது. நெல்லு எனக்கு. சம்மதமா?"

அம்மிணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பறஞ்சிட்டுப் பின்னெ மாறுமோ? செம்மீனுக்கு இப்ப என்ன விலைன்னு அம்மாவுக்கு அறியுமோ?"

"அறியும். அதான் சொல்லுதேன்."

"முன்னெ பாவம்னு பறஞ்சதோ?"

"பாவந்தான். இல்லன்னு சொல்ல மாட்டேன். பங்கு கேக்க மாட்டேன், பாவத்துல மட்டும் பாதி எனக்கு இருக்கட்டும். உங்க பிள்ளைங்க பட்டினி கெடந்த பாவத்துக்கு அது தேவலை."

சொல்லிவிட்டு இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அம்மிணி கையில் வைத்தாள். அம்மிணி பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்பினாள். ஒரு வருஷம் உப்புக்காற்றில் கிடந்த திண்டுக்கல் பூட்டு அசையவில்லை. ஔசேப்பு வந்து திருப்பினார். சாவி பாதியாக முறிந்து அவர் கையில் வந்தது. கடைசியில் கோடாலியின் பின்புறத்தால் ஒன்பது அடி. பத்தாவது அடியில் பூட்டு வாயைப் பிளந்தது. பலகையைத் தூக்கியதும் தண்ணீர் ஒரு இரைச்சலோடு உள்ளே பாய்ந்தது. காய்ந்து கிடந்த மண் மூச்சு விடுவதுபோல் குமிழ் குமிழாகக் கொப்பளித்தது. அம்மிணி குலவை போட்டாள். ஆவுடையம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்தது. இந்தத் தடவை காரணம் வேறு.

சங்கரலிங்கம் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அமெரிக்காக்காரன் குடுக்கேங்கான், நீ வேண்டாங்குத! ஏளா, கொச்சியில இப்படி ஒரு வியாபாரம் எவனும் பண்ணமாட்டான்."

"நீங்க கணக்குப் போடுங்க. அடுத்த வருசம் எனக்குக் கூலி எவ்வளவு?"

அவர் விரலை மடக்கப் பார்த்தார். மடக்க எதுவும் இல்லை. "சைபர்" என்றார்.

"வரப்புச் செலவு? உரச் செலவு?"

"சைபர்." விரல்களை விரித்தபடியே அவளைப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப விளையுதது அத்தனையும் லாபம்லா! உன்னையக் கடையில உக்கார வச்சிட்டு நான் அடுப்படிக்குப் போயிருக்கணும். இருந்தாலும் அது நல்ல பூட்டுளா."

அந்தச் சித்திரையில் விஷு கழிந்த மறுநாள் ஊரே அவள் வயலில் இறங்கியது. கூடையும் துணியும் வெறுங்கையுமாக நூறு பேர் சேற்றைக் கலக்கி, கத்தி, வழுக்கி விழுந்து, விழுந்தவரைப் பார்த்துச் சிரித்து, கிடைத்ததை அள்ளினார்கள். ஆவுடையம்மாள் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் சத்தம் கேட்கிற தூரத்தில் வள்ளத்தில் உட்கார்ந்திருந்தாள் என்று ஔசேப்பு பின்னால் போட்டுக்கொடுத்தார்.

பிறகு பத்து வீட்டுக்காரர்களும் அந்த வயலைத் தங்கள் வயலாகவே பார்த்தார்கள். வரப்பை யாரும் சொல்லாமல் உயர்த்தினார்கள். வயல் முழுக்க முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் குவித்து வைத்தார்கள். முதல் மழை அந்தக் குவியல்களின் உப்பைக் கழுவி இறக்கியது. அம்மிணி தினம் ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒருநாள் ஆவுடையம்மாளிடம் நீட்டினாள். ஆவுடையம்மாளும் நாக்கில் வைத்துவிட்டு, "போயிட்டு" என்றாள். அன்றைக்கே முளைகட்டிய விதை குவியல்களின் தலையில் விழுந்தது. ஒரு மாதம் கழித்துக் குவியலை வெட்டி நாற்றும் மண்ணுமாகச் சுற்றிலும் பரப்பினார்கள். அதற்கப்புறம் யாரும் ஒரு கூடை உரம் போடவில்லை. பயிர் ஆவுடையம்மாளின் தோளைத் தாண்டி, தலையைத் தாண்டி நின்றது. உள்ளே போனால் ஆள் தெரியாது. சங்கரலிங்கம் ஒருநாள் உள்ளே போய்விட்டு வழி தெரியாமல் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணமாகி அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

ஐப்பசியில் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கதிரை மட்டும் அறுத்து வள்ளத்தில் போட்டார்கள். தாளை அப்படியே விட்டார்கள். அது வரப்போகிறவர்களுக்குத் தீனி. மூன்று வள்ளம் நெல் மட்டாஞ்சேரி பஜார் கடவுத்துறையில் வந்து இறங்கியபோது, சங்கரலிங்கம் பக்கத்துக் கடைக்காரர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார். ஐஸ்பெட்டிக்காரரும் வந்து ஒரு பிடி நெல்லைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டுப் போனார்.

கார்த்திகை முதல் தேதி, மதகு திறக்கும் நாள். ஆவுடையம்மாள் விடியலிலேயே இரண்டு பெரிய வார்ப்புப் பாத்திரங்களோடு கும்பளங்கிக்கு வந்து வரப்பிலேயே அடுப்பு மூட்டினாள். புது அரிசிச் சோறு, சாம்பார், அவியல், பாயசம். சிவந்த, பருத்த சோறு. மலர்ந்து விழுந்தது. பத்து வீட்டு ஆட்களும் பிள்ளைகளும் வரப்பில் வரிசையாக இலை போட்டு உட்கார்ந்தார்கள். முதலில் அவளே மதகுப் பலகையைத் தூக்கிவிட்டாள். தண்ணீர் இரைந்துகொண்டு உள்ளே வந்தது. "வாங்க, வாங்க" என்றாள். கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவளின் குரல் அது.

கரண்டியோடு வரிசையில் வந்தவள் அம்மிணியின் இலைக்கு முன்னால் நின்றாள். அம்மிணி சோற்றைப் பிசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் துணியால் மூடிய ஒரு சின்ன மண்சட்டி. துணியைத் தாண்டி வாசனை வந்தது. மிளகாயும் குடம்புளியும் போட்ட செம்மீன் கறி. ஔசேப்பு காயலைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இது, அம்மா... பிள்ளைகளுக்கு... இப்ப மாற்றி வெக்காம்" என்று அம்மிணி எழப்போனாள்.

"உக்காரு. இலையில இருந்து எந்திரிக்காத" என்றாள் ஆவுடையம்மாள். "அது எந்த வயல்ல பிடிச்சது?"

அம்மிணி தலையைக் குனிந்துகொண்டாள். "இந்த வயலுதன்னெ. தண்ணி வத்துன கடைசி நாள் பிடிச்சு உணக்கி வெச்சது."

"சோறும் இந்த வயலுதான். பெறவு என்ன? மூடி வச்சா ஆறிப்போவும். ஊத்திக்கோ."

அம்மிணி சட்டியைத் திறந்து, சோற்றில் கறியை ஊற்றிக்கொண்டாள். ஆவுடையம்மாள் மூக்கைச் சுளிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே சுளித்தாள். சுளித்த மூக்கோடு குனிந்து, அந்தச் சிவந்த குழம்பை ஒட்டியே இன்னொரு கரண்டிச் சோறு வைத்தாள்.

"நல்லாச் சாப்பிடு. கறி நிறைய இருக்கு, சோறு பத்தாது" என்றாள்.